உள்பெட்டியும் வெளிப்பெட்டியும்

"உள்ள இருக்கிறது தாக்குப் பிடிச்சா இங்கயே இருப்போம். வெளிய இருக்கிறதுதான் வேணும்னு ஆயிருச்சுன்னா கோயமுத்தூரு" என்றாள் மகேஸ்வரி.

"இதென்ன புள்ள, கபடி மாதிரி? உள்ள யாரு, வெளிய யாரு?"

அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். வெஞ்சனம் தட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய் நாலைந்து வருஷமாகிறது. தட்டில் கிடக்கிற கத்தரிக்காயைத் தேடிக்கொள்ளத் தெரியாதவனா நான் என்பார்.

"டிஸ்க்கைச் சொல்றேங்க. நூலு எத்தனை மூட்டை, எந்த லாரியில ஏறுச்சு, யாரு எந்த ஷிப்டு, எல்லாம் அதுலதான் எழுதி வச்சிருக்கு. எங்க சர்வருக்கு வயித்துக்குள்ளயே அஞ்சு டிஸ்க்கு வரிசையா சொருகியிருக்கு. அஞ்சும் சேந்து ஒண்ணு மாதிரி வேலை பாக்கும். இப்ப புதுசா ஒரு பொட்டி கொண்டாராங்க. அது சர்வருக்கு வெளிய, மேசை மேல தனியா இருக்கும். உள்ளுக்குள்ள வேற ஒண்ணும் கிடையாது, டிஸ்க்கு மட்டுந்தான். தடியா ஒரு கேபிள் வழியா சர்வரோட பேசிக்கும்."

"ஆக ஒண்ணு வீட்டுச் சாப்பாடு, ஒண்ணு ஓட்டல் பார்சலு."

"அப்படித்தான் வச்சிக்கங்க. எது வெரசா எடுத்துக் குடுக்குதுன்னு ஒரே வேலையை ரெண்டுலயும் ஓட்டிப் பாக்கப் போறாங்க."

"உன் பொட்டி தாங்கிரும்ல?"

"தாங்கும்."

"செகண்டு கியர்லயே முக்குது பாரு உன் குரலு" என்றார் அவர். கத்தரிக்காயைக் கண்டுபிடித்துவிட்டார்.

நூல் மில் செம்பட்டி ரோட்டில், திண்டுக்கல்லைத் தாண்டி இருந்தது. கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஏசி அறை, அதற்குள் சர்வர், அறைக்கு வெளியே இரண்டு மேசை. ஒரு மேசை மகேஸ்வரிக்கு. இன்னொன்று செபாஸ்தியம்மாளுக்கு; அவள் மூட்டைக் கணக்கைத் தட்டி ஏற்றுகிறவள், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சர்வருக்கு மகேஸ்வரிதான் பொறுப்பு.

கோயமுத்தூர் ஆபீசிலிருந்து ஒரு புது புரோகிராம் வந்தது. வந்த பிறகு ஷிப்டு மாறுகிற நேரத்தில் சர்வர் திணற ஆரம்பித்தது. கேட் பாஸ் அச்சாகி வருவதற்குள் நூல் ஏற்றிய லாரிகள் கேட்டில் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தன. முதலாளியின் இளைய மகன் செழியன் ஒரு நாள் அந்த வரிசையிலேயே தன் காரோடு மாட்டிக்கொண்டார். பெண் எடுத்த இடம் கோயமுத்தூர், இருப்பும் அங்கேதான். அங்கே புது ஆபீஸ் கட்டி, இதே மாதிரி இன்னொரு சர்வரும் வாங்கி வைத்திருந்தார்.

"மகேஸ்வரி, அடுத்த வருஷம் ரெண்டாவது யூனிட் ஓடப்போகுது. அந்தச் சுமையையும் இது தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும் சார். தப்பு டிஸ்க்குல இல்ல. புது புரோகிராம் ஒவ்வொரு கேட் பாசுக்கும் முதல்ல இருந்து அத்தனை மூட்டையையும் தேடுது. நேரா அந்த மூட்டைக்குப் போற மாதிரி வழி போட்டுக் குடுத்துட்டேன். ரெண்டு நாளா ஒரு லாரியும் நிக்கல."

"நீங்க சொல்றீங்க. பெட்டி விக்கிறவங்க வேற சொல்றாங்க. நான் ரெண்டையும் ஓட்டிப் பாத்துர்றேன். ரெண்டு யூனிட் சுமையையும் ஏத்துங்க. உள்ள இருக்கிறது பக்கத்துல வந்தாக்கூடப் போதும், இப்படியே இருக்கட்டும். வரலன்னா வெளிப்பெட்டி வாங்கணும். வாங்குனா இந்தப் பஞ்சுத் தூசியையும் இந்தக் கரண்டையும் நம்பி இங்க வைக்க மாட்டேன். கோயமுத்தூர்ல வச்சு, டெலிபோன் லைன்ல கேட் பாசை இங்க அனுப்பிக்கலாம். நீங்களும் அங்க வந்துருங்க. உங்க வேலை எங்கயும் போகாது."

நல்லவிதமாகத்தான் சொன்னார். அதனால் அவளுக்கு எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

வேலையை விடவும் முடியாது. முத்துக்கிருஷ்ணனுக்குத் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. அந்த மருந்து அவளுடைய ஈ.எஸ்.ஐ. அட்டையில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே ஓடுகிற தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். கண் போன பிறகும் அந்த பஸ்ஸை விடவில்லை. காலையில் தெருமுனையில் வந்து நிற்பார். கண்டக்டர் இஞ்ஞாசி படியில் தொங்கிக்கொண்டே கூப்பிடுவான்.

"அண்ணே, வண்டி வந்துருச்சு. ஏறுங்க."

"வந்தது தெரியாம நான் என்ன செவிடாடா? மூணாவது கியரு இன்னும் கரகரங்குது, மெக்கானிக் கிட்டச் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்ணே. உங்க காது நல்லா இருக்கிறதுதான் கோளாறுங்கிறாரு."

எஞ்சின் பானெட்டுக்குப் பக்கத்து இடம் அவருக்கு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "செம்பட்டி, வத்தலக்குண்டு, செம்பட்டி, வத்தலக்குண்டு!" என்று மத்தியானம் வரைக்கும் கூவி ஆள் சேர்த்துவிடுவார். டீக்கடையில் கிளாசைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எவனாவது ஒரு டிரைவர் பிரேக் போட்டுவிட்டு இறங்கி வருவான். இருட்டுவதற்குள் ஏதோ ஒரு வண்டி வீட்டு முனையில் இறக்கிவிடும். யாரும் அவரைக் கண் தெரியாதவர் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

கோயமுத்தூர் பேச்சு வந்த அன்று அவள், "அங்கயும்தான் பஸ்ஸு இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள்.

"பஸ்ஸு இருக்கும். என்னைய யாருன்னு அவனுகளுக்குத் தெரியணும்ல" என்றார்.

மில் மூன்று ஷிப்டும் ஓடுகிற மில். சர்வருக்கு வேலையே இல்லாத நேரம் என்று வருஷத்தில் ஒன்றுதான் உண்டு. ஆயுத பூஜையன்று மத்தியானம் மெஷின்களை நிறுத்தினால், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு, அன்று மத்தியான ஷிப்டுக்குத்தான் திரும்ப ஓட்டுவார்கள். சோதனை விஜயதசமி காலை என்று முடிவாயிற்று.

பெட்டி விற்கும் கம்பெனியிலிருந்து பாஸ்கல் என்கிற எஞ்சினியர் மதுரையிலிருந்து இரண்டு நாள் முன்னாலேயே வந்தான். வெளிப்பெட்டியை மேசைமேல் வைத்து, கேபிளை மாட்டி, மில்லின் மொத்தத் தகவலையும் அதற்குள் ஒரு நகல் எடுத்து வைத்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லட்டுமா? உங்க உள்பெட்டியை நேத்து சின்னச் சுமை ஏத்தி ஓட்டிப் பாத்தேன். நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எங்க பெட்டி கொஞ்சம் முந்தும். ஆனா உங்களுது ரொம்பப் பின்னாடி வராது" என்றான்.

"சத்தியமா?"

"எங்க மேனேஜர் காதுல போட்றாதீங்க."

அதைக் கேட்ட சந்தோஷத்தில்தான் அவள் பூ மார்க்கெட்டுக்குப் போனாள். வழக்கமாக ஆயுத பூஜைக்கு சர்வர் மேல் ஒரு சந்தனப் பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவுதான். இந்தத் தடவை நிலக்கோட்டைப் பூவில் பெரிய மாலையாகக் கட்டச் சொன்னாள். செவ்வந்தி, கோழிக்கொண்டை, இடையிடையே மரிக்கொழுந்து. தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கே சிரமமாக இருந்தது.

"என்னடி மகேசு இது? கல்யாண மாப்பிள்ளைக்கா, கம்ப்யூட்டருக்கா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"இருக்கட்டும்க்கா. நாளைக்கு அதுக்குப் பரீச்சை."

"பரீச்சைன்னா பொன்னாடையும் சேத்துப் போர்த்திருக்கலாம். நானும் ஒனக்காக அந்தோணியார் கோயில்ல ஒரு மெழுகுத்திரி பொருத்திட்டுத்தான் வந்தேன். எல்லாப் பக்கமும் சொல்லி வச்சாச்சு, போ."

மாலையை சர்வருக்குப் போட்டது சடையாண்டி. மில்லின் எலக்ட்ரீஷியன் அவர்தான். ஆயுத பூஜைக்கு மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுகிறவரும் அவர்தான். சர்வரின் முகப்பில் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு உண்டு. மாலையை அதன்மேல் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, நழுவாமல் இருக்கப் பின்னால் கம்பியால் இறுக்கினார்.

"சாமி கணக்கா இருக்குல்ல, தாயி?"

"இருக்குண்ணே. அந்தப் புதுப் பொட்டிக்கும் ஒரு சரம் போடுங்களேன்."

"ஐயோ வேண்டாம்க்கா" என்று பாஸ்கல் குறுக்கே வந்தான். "அது இன்னும் நம்ம பெட்டி இல்ல, கம்பெனிப் பெட்டி. சந்தனம் பட்டா என்னையத் திட்டுவாங்க."

குங்குமம் மட்டும் ஓரத்தில் ஒரு துளி வைத்தார்கள்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். மகேஸ்வரி பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் வாசலில் திரும்பி, "சர்வரை நிப்பாட்டிறாதீங்கண்ணே. நிப்பாட்டினா எழுந்திரிக்க ரொம்ப மக்கர் பண்ணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சடையாண்டி சர்வரை நிறுத்தவில்லை. சொன்ன சொல் தவறாத மனிதர்.

மறுநாள் காலையில் அறைக்கதவைத் திறந்தபோது உள்ளே காற்று வெதுவெதுவென்று இருந்தது. வாடின பூவின் வாசம் மூக்கில் ஏறியது.

"ஏசி ஓடலையாண்ணே?"

"நேத்து லீவு விட்டுட்டேன் தாயி. அதுவும் ஒரு மிஷினுதான? பாவம், வருசம் பூரா ஓடுது, பூசையன்னிக்கும் ஓட்டுனா நல்லாவா இருக்கும்?"

அவள் ஓடிப்போய் ஏசியைப் போட்டாள். அதற்குள் வாசலில் செழியனின் கார் நின்றது. மகேஸ்வரி மாலையில் கை வைத்தாள்.

"மறுபூசை ஆகலையே தாயி. சூடம் காட்டாம எடுக்கலாமா?"

"இருக்கட்டும் மகேஸ்வரி, பாக்க லட்சணமாத்தான இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செழியன் உள்ளே வந்தார். "ஆரம்பிங்க. நான் மத்தியானத்துக்குள்ள கிளம்பணும்."

அவளுக்கும் எடுக்க மனசில்லை. அன்றைக்கென்று பார்த்துச் சாமி மாலையைக் கழற்றுவானேன் என்று விட்டுவிட்டாள்.

வெளியே கேட் பக்கம் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. முதலில் உள்பெட்டி. இரண்டு யூனிட் சுமையையும் ஏற்றி, ஒரு மாதத்துக் கேட் பாஸ்களையும் சரக்கிருப்பையும் எடுத்துக் கொடு என்று மகேஸ்வரி விசையைத் தட்டினாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று நகர வேண்டும். நகர்ந்தது. பிறகு நின்றது. செத்த நேரம் கழித்து ஒரு விரல் அளவு நகர்ந்தது.

"டீ சாப்பிடறீங்களா சார்?" என்று செபாஸ்தியம்மாள் கேட்டாள்.

"கொண்டு வாங்க."

டீ வந்தது. குடித்தும் ஆயிற்று. கோடு பாதியைத் தாண்டவில்லை. மகேஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்கல் அவளைப் பார்த்தான். அவன் முகத்திலும் குழப்பம்தான்.

"இப்படி இருக்காது சார். முந்தாநாளு ஓட்டிப் பாத்தப்ப…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"முடியட்டும், பாப்போம்."

ஒரு வழியாக முடிந்தது. அடுத்தது வெளிப்பெட்டி. பாஸ்கல் விசையைத் தட்டிவிட்டு டம்ளரை எடுத்து ஓரமாக வைக்கத் திரும்பினான். அவன் திரும்பி வருவதற்குள் பச்சைக் கோடு அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் செபாஸ்தியம்மாள். "இல்ல, தொடங்கவே இல்லையா?"

"முடிஞ்சிருச்சும்மா" என்றார் செழியன். செல்போனை எடுத்து யாருடைய நம்பரையோ தேட ஆரம்பித்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து கேசட் மாற்றினார்கள். அந்த இடைவெளியில், அறைக்குள் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. கீ… கீ… கீ… என்று, விட்டு விட்டு.

"எலியா?" என்றார் சடையாண்டி.

மகேஸ்வரி எழுந்துவிட்டாள். மாலையை இரண்டு கையாலும் விலக்கினாள். பின்னால் கம்பி இறுக்கமாக இருந்ததால் முழுதும் விலகவில்லை. பூவுக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தகடு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாலு பச்சை விளக்கு. நடுவில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கண்சிமிட்டியது.

"பாஸ்கல்!"

அவன் வந்து குனிந்து பார்த்தான். "மூணாவது டிஸ்க் விழுந்துருச்சுக்கா. ராத்திரியே விழுந்திருக்கும். மாலை காத்தை அடைச்சிருச்சு, ஏசியும் இல்ல." பிறகு செழியனைப் பார்த்துச் சொன்னான். "சார், இந்தச் சோதனை செல்லாது. உள்ள அஞ்சு டிஸ்க்ல ஒண்ணு செத்துப்போச்சு. செத்ததுல இருக்கிறதை மத்த நாலும் கணக்குப் போட்டுப் போட்டு எடுத்துக் குடுத்திருக்கு. அதான் அம்புட்டு நேரம். கால் ஒடிஞ்ச ஆளை ஓட விட்ட மாதிரி சார் இது."

"எங்கிட்ட ஸ்பேர் டிஸ்க் ஒண்ணு இருக்கு சார்" என்றாள் மகேஸ்வரி. "இப்ப மாட்டுனா சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆயிரும். நாளைக்கு ஒருதடவை ஓட்டிப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

"நாளைக்கு மில்லு ஓடும் மகேஸ்வரி. இன்னைக்கு மத்தியானமே ஓடும். சோதனை போட அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் இருக்கச் சொல்றீங்களா?"

"சார், மாலை போட்டது நான்தான் சார். நான்தான் பெருசா வாங்கிட்டு வந்தேன். மிஷின் மேல தப்பில்ல."

"ஏசியை அணைச்சது நானுங்க" என்றார் சடையாண்டி. அவருக்கு விஷயம் பாதிதான் புரிந்திருந்தது. ஆனாலும் முன்னால் வந்து நின்றார்.

செழியன் இரண்டு பேரையும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருக்கலாம்.

"நான் யாரையும் குறை சொல்லல. நீங்க அந்த மிஷினை எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு பூமாலைக்கு விழுந்துர்ற மிஷினை நம்பி ரெண்டு யூனிட்டை ஓட்ட முடியுமா? மிஷின் மேல தப்பில்ல, போட்டவங்க மேலதான் தப்புன்னா, அப்பவும் அது இங்க இருக்கக் கூடாதுன்னுதான அர்த்தம்? அங்க மாலை போட ஆளு கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

பாஸ்கல் கேபிளின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்ப ஒருதடவை ஓட்டலாம் என்று அவன்தான் இன்னொரு வார்த்தை சொன்னான். செழியன் தலையை ஆட்டினார். சரி என்கிற ஆட்டமில்லை அது.

"சார், எங்க வீட்டுக்காரரு…"

"தெரியும் மகேஸ்வரி. அங்க பெரிய பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கு. நானே சொல்லிவிடறேன்."

"கண்ணு வராது சார். எல்லா இடமும் பாத்தாச்சு. நரம்பே போயிருச்சுன்னுட்டாங்க."

செழியன் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அப்ப அவருக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

அறை குளிர ஆரம்பித்திருந்தது. செபாஸ்தியம்மாள் டம்ளர்களை எடுக்கிற சாக்கில் வெளியே போனாள். பஸ்ஸைப் பற்றி, இஞ்ஞாசியைப் பற்றி, டீக்கடையைப் பற்றியெல்லாம் சொல்லலாமா என்று மகேஸ்வரி நினைத்தாள். சொன்னால் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று அவளுக்கே தெரிந்தது. மில் சர்வரை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கிறவரிடம், என் புருஷனுக்கு அந்த பஸ்ஸில் ஒரு இடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"அங்கயே வார்றேன் சார்" என்றாள்.

"நல்லது. பாஸ்கல், இந்தப் பெட்டியையே எடுத்துக்கிறோம், உங்க மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். நகல் எல்லாம் சரியா இருக்கா? அப்ப அதைக் கழட்டி என் கார்லயே ஏத்திருங்க. அங்க சர்வர் தயாரா இருக்கு. மாட்டிவிட்டுட்டு நீங்க மதுரைக்குப் போயிக்கலாம்."

"இன்னைக்கேவா சார்?"

"இன்னைக்கு நல்ல நாளுதான?"

உள்ளே இருந்த அஞ்சு டிஸ்க்கையும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சர்வரையே பெயர்த்து எடுக்க வேண்டும். அதைப் பெயர்த்தால் இங்கே மில்லே நின்றுவிடும். வெளிப்பெட்டிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஒரு கேபிள், இரண்டு திருகு. பாஸ்கலும் சடையாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்சீட்டில் படுக்க வைத்து, ஆடாமல் இருக்க ஒரு பக்கம் பொரி மூட்டையை அணை கொடுத்தார்கள். சடையாண்டி கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயை உடைத்தார். கார் பழத்தை நசுக்கிவிட்டுச் செம்பட்டிப் பக்கமாகப் போயிற்று. அங்கிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று போனால் பொழுது இறங்குவதற்குள் கோயமுத்தூர்.

மறுபூஜை போட்டு மாலையைக் கழற்றியபோது, தகட்டை ஒட்டியிருந்த பக்கத்துப் பூவெல்லாம் வெந்த கீரை மாதிரி இருந்தது.

"கணக்கு ஏத்துற வேலையும் அங்க போயிருதாம், என்னையப் பேக்கிங்ல போடறாங்களாம்" என்றாள் செபாஸ்தியம்மாள். "நின்னுக்கிட்டே மூட்டை தைக்கணும். ஒனக்காவது உக்கார நாக்காலி இருக்கு."

"அக்கா, ஸ்பேர் டிஸ்க்கை மாட்டிரட்டுமா?"

"எதுக்குடி இனிமே?"

"அங்க லைன் சரியாகுற வரைக்கும் இது ஓடணும்ல."

மாட்டினாள். சாயங்காலத்துக்குள் அஞ்சு விளக்கும் பச்சையாயின. பண்டிகை நாளென்று கேட்டில் லாரி எதுவும் இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாதபோது அதே சுமையை ஏற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பாஸ்கல் சொன்னது சரிதான். ரொம்பப் பின்னால் வரவில்லை. பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் முத்துக்கிருஷ்ணன் ரேடியோவைக் குறைத்துவிட்டு, "சொல்லு" என்றார். செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே தெரிந்துகொண்டிருப்பார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மாலையையும் சொன்னாள்.

"மாலையைப் போட்டுக் கொன்னுட்டியாக்கும்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

"நீ மட்டும் போ புள்ள. வாரத்துக்கு ஒருக்கா வா. நான் இங்கயே கிடந்துக்கிறேன்."

"ஊசி யாரு போடுவா?"

"இஞ்ஞாசி போடுவான்."

"அவனுக்குச் சில்லறை எண்ணுறப்பவே கை நடுங்குது."

"டீக்கடைக்காரர் போடுவாரு."

"பேசாம இருங்க. போன தடவை சர்க்கரை இறங்கி மயங்கிக் கெடந்தப்ப பக்கத்துல நான் இருந்தேன். இல்லைன்னா என்னாயிருக்கும்?"

வெளியே ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றிக்கொண்டு போனது. அதைக் கவனிக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"வீடு எங்க?"

"ஆபீஸ் குவார்ட்டர்ஸ்தான். மூணாவது மாடி."

"லிப்டு?"

"கிடையாதாம்."

"கீழ ஒண்ணு கேட்டியா?"

"போன் போட்டுக் கேட்டேன். காலியில்லைன்னாங்க. காலியானா சொல்றாங்களாம்."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "சரி" என்றார்.

கோயமுத்தூரில் லைன் சரியாகி, அவளை வரச் சொல்ல இன்னும் சில வாரம் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் சட்டை போடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. பிறகு இரண்டு தடவை சேர்த்து.

"என்னங்க, வண்டி வந்துருச்சு."

"நீ ஏறிக்க."

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. இப்பயிருந்தே பழகிக்கிறேன்."

"இன்னும் நாளு கெடக்குல்ல. அதுவரைக்கும் போயிட்டு வரலாம்ல?"

"போயிட்டு வந்து போயிட்டு வந்து ஒரு நாளு நிப்பாட்டுறதுக்கு, இன்னைக்கே நிப்பாட்டிக்கிட்டா நல்லது. ரேடியோவைச் சத்தமா வச்சிட்டுப் போ."

அவள் ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தாள். சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். வெஞ்சனம் எந்தப் பக்கம் என்று கேட்காமலே சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

தெருமுனைக்கு அவள் தனியாக வருவதைப் பார்த்து இஞ்ஞாசி படியிலிருந்து இறங்கினான்.

"என்ன மதினி, அண்ணன் வரல? மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப நாளைக்கு வரச் சொல்லுங்க. பானெட்டுப் பக்கத்துல யாரையும் உக்கார விடல."

மகேஸ்வரி பின்வாசல் வழியாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஞ்ஞாசி இன்னும் ஒரு நிமிஷம் தெருவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.